மடிச்ச எல

முருகையாவின் பாட்டைத் திட்டி எழுதினவனால் அவனுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. புகழ்ந்து எழுதினவர்தான் அவனைப் போலீஸ் கையில் பிடித்துக் கொடுத்தார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தால் பிடித்தவன் கையையா வெட்ட முடியும்?

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் வருடம். சிரம்பான் பக்கம், சுவாவுக்கு உள்ளே இருந்த ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றித் தை மாதமே முள்வேலி போட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கிறவர்களுக்கு ஒரு பருக்கை போகக்கூடாது என்று சட்டம். காலை ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்து, பால் வெட்டப் போகிற பெண்களின் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெறும் வயிற்றோடு முந்நூறு மரம் வெட்டி, மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணத்தில் வடிந்த பாலை எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வேலிக்குள் வந்துதான் பசியாறவேண்டும். ஆட்டுக்குக்கூட வேலிக்கு வெளியே தழை உண்டு, நமக்கு இல்லை என்று பெண்கள் பேசிச் சிரிப்பார்கள். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

முருகையாவுக்கு இருபத்தொரு வயது. தாயம்மாவுக்கு ஒரே பிள்ளை. மரம் வெட்டுகிற கை, பாட்டுக் கட்டுகிற வாய். அதற்கு முந்தின வருடம் மாரியம்மன் திருவிழாவில் அவன் பாடியதை ரஹாங்கில் பாட்டுப்பெட்டிக் கடை வைத்திருந்த திருநாவுக்கரசு கேட்டார். கேட்டவர் சும்மா இருக்கவில்லை. சித்திரையில் சிங்கப்பூருக்கு அழைத்துப் போய் இரண்டு ரிக்காட்டில் நான்கு பாட்டைப் பதித்துக் கொண்டுவந்துவிட்டார். ஆனி பிறந்ததும் ரிக்காட் கடைக்கு வந்தது. தோட்டத்தில் பாட்டுப்பெட்டி இருந்தது ஒரே வீட்டில், ஆபீஸ் கணக்குப் பார்க்கிற பெரிய கிராணி சிவசிதம்பரம் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில் லயமே அவர் வாசலில் கூடிவிட்டது.

முதல் பாட்டு கங்காணியின் குடையைக் கேலி செய்தது. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டாவது காதல் பாட்டு, மூன்றாவது முருகன் பேரில். நான்காவது பாட்டுக்கு முள்ளை எடுத்து வைத்தபோது, பெட்டிக்குள்ளிருந்து தாயம்மாவின் சொந்தப் பேச்சே மகன் குரலில் வந்தது.

*காட்டோரக் கல்லுமேல சோறு வச்சேன், ராசா*
*காக்கா வந்து தின்னலையே, யாரு தின்னா, ராசா?*
*மடிச்ச எல சொல்லுதய்யா நீ வந்த சேதி*
*மறு ஆடி வரும்வரைக்கும் வச்சிருக்கேன் பாதி.*

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். பக்கத்து வீட்டு லெட்சுமி, "அக்கா, இன்னொருக்கா வைக்கச் சொல்லுக்கா" என்றாள். தாயம்மா அழவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

மகன் பின்னாலேயே ஓடிவந்தான். "என்னாத்தா, பாட்டு நல்லால்லியா?"

"அத ஏன்டா பாட்டுல வச்சே?"

"பேரு சொல்லலியே. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்டா. ஒனக்கு மட்டுந்தான் சொன்னேன். எட்டு வருசமா இந்த லெட்சுமிகிட்டகூட வாயத் தொறக்கல. அதப் போயி கடையில சுத்த விட்டிருக்கியே!"

"மத்த மூணும் கடைக்காரரு கேட்டாருன்னு கட்டினது. இது ஒண்ணுதான் தானா வந்துச்சு, ஆத்தா. வந்தத நான் என்ன செய்ய?"

"போடா, போயி வெறகு பொள" என்றாள்.

அவள் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, தாயம்மாவின் புருஷன் வெளிக்காட்டின் ஓரத்தில், ரப்பர் முடிந்து பெருங்காடு தொடங்குகிற இடத்தில், ஓடைக்கரைப் பாறைக்குப் பின்னால் இரண்டு நாள் ஒளிந்திருந்தான். அவள் பால்வாளிக்குள் வாழை இலையில் சோறு கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் தின்றுவிட்டு இலையைத் தன் பக்கமாக மடித்து, "நாளைக்கும் கொண்டாடி" என்றான். விருந்தில் இலையைத் தன் பக்கம் மடித்தால் உறவு தொடரும் என்றுதானே அர்த்தம். மூன்றாம் நாள் லோரியில் ஏற்றிவிட்டார்கள். போனவர்கள் நாற்பது பேர். திரும்பியது ஆறு பேர். அந்த ஆறு பேரில் ஒருவனும் அவன் செத்ததைப் பார்க்கவில்லை.

தேதி தெரியாத சாவுக்கு ஆடி அமாவாசை. சயாமில் ஆளைப் பறிகொடுத்த பெண்கள் எல்லாரும் பொட்டை அழித்துவிட்டு, ஆடி அமாவாசையில் வீட்டு வாசலில் படையல் வைப்பார்கள். தாயம்மா பொட்டை அழிக்கவில்லை. மஞ்சள் கயிற்றையும் கழற்றவில்லை. ஆனால் சோறு மட்டும் வைப்பாள், வாசலில் அல்ல, அந்தப் பாறையில். செத்தவனுக்கா, உயிரோடு இருக்கிறவனுக்கா என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. முதல் நாலு வருடம் காக்கை கொத்தி இலை கிழிந்து கிடந்தது. நாற்பத்தெட்டில் காட்டுக்குள் ஆட்கள் போனார்கள், சண்டை ஆரம்பித்தது. அந்த ஆடியிலிருந்து மூன்று வருடமாக, மறுநாள் காலையில் மரம் வெட்டப் போய்ப் பார்த்தால் இலை சுத்தமாகத் துடைத்து, தன் பக்கமாக மடித்து வைத்திருந்தது.

தாயம்மா முட்டாள் இல்லை. நாற்பத்தெட்டு என்ன வருடம் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் மனசு இருக்கிறதே, அதற்குக் கணக்கு வேண்டாம், இலை போதும்.

ஆனி முடிகிற சமயம் சிங்கப்பூர் வாரப் பத்திரிகை ஒன்றில் ஒரு பண்டிதர் முருகையாவின் ரிக்காட்டைப் பற்றி எழுதியிருந்தார். சிவசிதம்பரம் அதை ஆபீஸ் படியில் நின்று வாசித்தார். "சந்தமும் இல்லை, சுத்தமும் இல்லை. தோட்டத்துக் கொச்சையைப் பாட்டென்று பதிக்கத் துணிந்துவிட்டார்கள். நான்காவது வெறும் ஒப்பாரி. செத்தவனுக்குச் சோறு படைத்து அழுவதையும் விலைக்கு விற்பதா?"

முருகையாவின் முகம் செத்துப்போனது. வெளிக்காட்டு வேலையை மேற்பார்க்கிற மண்டோர் மாயாண்டி சும்மா இருப்பாரா? "என்னா ஒப்பாரி வித்துவான், எங்க ஆயா கெழவி இழுத்துக்கிட்டுக் கெடக்குது, அட்வான்ஸ் வாங்கிக்கிறியா லா?" என்றார். பையன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கிராணிக்குத்தான் கோபம் அடங்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடமாகப் பேரேட்டோடு மல்லுக்கட்டினாலும், 'அன்பன்' என்ற புனைபெயரில் கோலாலம்பூர் பத்திரிகைக்கு எழுதுகிறவர் அவர். "இவன் என்னத்தைக் கண்டவன்? ஒப்பாரியாம்! நான் எழுதிறன், பார் முருகையா. உன்ர பாட்டு எப்பிடிப்பட்டதெண்டு நாடறியும்" என்றார். நாடறியத்தான் செய்தது.

பத்து நாளில் அந்தக் கோலாலம்பூர்ப் பத்திரிகை கிராணியின் கட்டுரையோடு வந்தது. மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் கிராணி வீட்டு வாசல். அவர் மனைவி சிவபாக்கியம் எல்லாருக்கும் கோப்பி கலந்து கொடுத்தாள். கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"இதை ஒப்பாரி என்று தள்ளுவோர் செவியிருந்தும் கேளாதவர். ஒப்பாரி இறந்தவர்க்கு. இதுவோ உயிரோடு இருப்பவனுக்கு விடுக்கும் அழைப்பு. காட்டோரத்தில் சோறு வைத்துக் காத்திருக்கும் இவள் நம் காலத்துத் தாய். இன்று காட்டில் இருப்பவனும் ஒருத்தி பெற்ற பிள்ளையே என்று இந்த இளைஞர் துணிந்து பாடிவிட்டார். சோற்றை உண்டவன் இருக்கிறான் என்பதற்கு மடித்த இலையே சாட்சி."

எழுத உட்கார்ந்துவிட்டால் கிராணிக்குக் கால் தரையில் பாவாது. பாட்டில் இருந்தது ஒரு பெண்ணின் புருஷன். அவர் தேசத்தையே அதில் ஏற்றிவிட்டார். அந்தப் பாறையும் படையலும் நிஜம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மேட்டு பங்களாவில் இருக்கிறவருக்கு லயத்துப் பெண்கள் எங்கே சோறு வைக்கிறார்கள் என்று யார் சொன்னார்கள்?

தாயம்மாவுக்கு அந்தச் செந்தமிழில் பாதி புரியவில்லை. ஒரு வாசகம் மட்டும் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. "ஐயா, உசுரோட இருக்கிறவனுக்குன்னு ஏதோ படிச்சீங்களே, அத இன்னொருக்கா படிங்க" என்றாள்.

அவர் படித்தார். எட்டு வருடத்தில் அவள் புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று சொன்ன முதல் ஆள் அந்தப் பத்திரிகைதான். அன்றைக்கு அவள் மகனை மன்னித்துவிட்டாள். கடன் சொல்லிக் கருவாடு வாங்கிப் புளிக்குழம்பு வைத்து, அவன் தட்டில் போட்டுப் போட்டுத் திங்க வைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போலீஸ் ஜீப் வந்தது. முருகையாவைக் கையில் பால்வெட்டு உளியோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். கிராணி வீட்டு ரிக்காட்டையும் எடுத்தார்கள். ரஹாங் கடையில் இருந்ததெல்லாம் முந்தின நாளே போய்விட்டதாம். அவசரகாலச் சட்டம். கேஸ் இல்லை, கோர்ட் இல்லை. இரண்டு வருடம் உள்ளே வைக்கலாம், இல்லாவிட்டால் கப்பலேற்றி, அவன் கண்ணால் பார்க்காத இந்தியாவுக்கு அனுப்பலாம்.

தாயம்மா அன்றைக்கும் மரம் வெட்டினாள். வெட்டாவிட்டால் அரிசி அட்டையில் கை வைப்பார்கள். பதினோரு மணிக்குப் பாலை ஊற்றிவிட்டு, கையில் பால் நாற்றத்தோடு நேராக ஆபீசுக்குப் போனாள்.

சிவசிதம்பரத்தின் முகம் சாம்பலாக இருந்தது. "தாயம்மா, நான் நல்லதுக்குத்தான் எழுதினனான்."

"தெரியுங்கய்யா. பயலு என்ன சொல்றானாம்?"

"எல்லாம் கற்பனை எண்டு மட்டும் சொல்லுறானாம். மற்றதுக்கு வாய் திறக்கிறானில்லை. காட்டோரம் சோறு வைக்கிறது ஆரெண்டு கேட்டு அடிக்கினமாம். அப்பிடி ஒருத்தரும் இல்லைத்தானே? பிறகேன் பேசாமல் நிக்கிறான்?"

"நாந்தாய்யா வைக்கிறேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவள் நின்றபடியே பாறை, லோரி, அமாவாசை, இலை எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்ர கடவுளே. எனக்குத் தெரியாதே."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்க சொன்னதில்ல, நீங்க கேட்டதில்ல." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். சொல்லக்கூடாது என்று நினைத்துத்தான் வந்திருந்தாள், ஆனாலும் வாய் நிற்கவில்லை. "அன்னைக்கு சயாம் லிஸ்ட்லயும் நீங்கதான் அவுரு பேர எழுதினீங்க. ஜப்பான்காரன் கத்தி வச்சான், எழுதினீங்க. குத்தம் சொல்லல. இன்னைக்கு மகன் பேர எழுதினீங்க. இதுக்கு ஒரு கத்தியும் வைக்கலியேய்யா."

சிவசிதம்பரம் எழுந்து ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "தாயம்மா, இருங்கோ" என்றார். இருபது வருடத்தில் லயத்து ஆள் யாரையும் அவர் 'இருங்கோ' என்றதில்லை. இழுப்பறையைத் திறந்து, கோபத்தில் கசக்கி எறிந்து மறுபடியும் எடுத்து வைத்திருந்த பண்டிதரின் விமர்சனத்தை எடுத்தார். மடிப்பை நீவி விட்டார்.

"இனி இவன்தான் எங்களுக்குத் துணை. இவன் ஒப்பாரி எண்டு எழுதியிருக்கிறான், செத்தவனுக்குப் படைச்சதெண்டு. அதுதான் சரி, நான் எழுதினது பிழை எண்டு நானே வந்து சொல்லுறன். அன்பன் ஆரெண்டும் சொல்லுறன். வேலை போனால் போகட்டும். வேலி போட்டது தை மாசம், நீங்கள் கடைசியா வைச்சது போன ஆடி. சட்டப்படி குற்றமில்லை. ஆனால் செத்தவனுக்கெண்டு சொல்லவேணும். விளங்குதோ?"

விளங்கியது. அதுதான் அவளுக்குக் கஷ்டம்.

சனிக்கிழமை சிரம்பான் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்காரத் துரையும், மொழிபெயர்க்க அமிர்தலிங்கம் என்கிற தமிழ் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். கிராணி பத்திரிகைத் துண்டை வைத்து, இங்கிலீஷில் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். தன் எழுத்தைத் தானே முட்டாள்தனம் என்று சொன்னார். துரை கேட்டுக்கொண்டு ஏதோ குறித்தார். பிறகு அமிர்தலிங்கம் தாயம்மா பக்கம் திரும்பினார்.

"புருஷன் பேரு?"

இருபத்திரண்டு வருடத்தில் அவள் அந்தப் பேரை உச்சரித்ததில்லை. கிராணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இராஜமாணிக்கம்" என்றார் கிராணி மெதுவாக. அவர் மறக்கவில்லை.

"சோறு வச்சது உண்மையா?"

"உண்மைங்கய்யா. செத்தவுங்களுக்கு வைக்கிறது. வருசத்துக்கு ஒருக்கா."

"இலைய மடிச்சது யாரு?"

"நாந்தாங்க. காக்கா தின்னதும் நானே மடிச்சிருவேன். பயலு பாட்டுக்காவ மாத்திக் கட்டிட்டான்."

பொய்தான். ஆனால் குரல் தடுமாறவில்லை. அமிர்தலிங்கம் அதைத் துரைக்குச் சொன்னார். துரைக்குப் போதும் போலிருந்தது, காகிதத்தை மூடப் போனார். அமிர்தலிங்கம்தான் அவளை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரன் நூறு வருடம் உற்றுப் பார்த்தாலும் தெரியாத ஒன்று தமிழன் கண்ணில் பட்டுவிட்டது.

"ஒரு நிமிஷம். புருஷன் செத்துட்டான், படையல் வைக்கிறேன்னு சொல்ற. நெத்தியில பொட்டு இருக்கு. கழுத்துல தாலி இருக்கு. செத்தவனுக்கு எவம்மா பொட்டோட படையல் வைப்பா? உண்மைய சொல்லு லா. சோறு யாருக்கு?"

கிராணி நாற்காலியில் முன்னுக்கு வந்தார், ஆனால் அவரிடம் இதற்குப் பத்திரிகைத் துண்டு இல்லை.

தாயம்மா அந்த மனிதரைக் கோபிக்கவில்லை. கேட்டது நியாயமான கேள்வி. எட்டு வருடமாக லயத்துப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டதை அவர் முகத்துக்கு நேரே கேட்டார். ஒரு பக்கம், வருவானோ மாட்டானோ என்று தெரியாத ஒருவன். இன்னொரு பக்கம், சுவருக்கு அந்தப் பக்கம் வாய் வீங்கி உட்கார்ந்திருக்கிற பிள்ளை.

முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். குங்குமம் துணியில் கறையாக ஏறியது. பிறகு மஞ்சள் கயிற்றைத் தலைவழியாக எடுத்தாள். கொண்டையில் சிக்கியது. இழுத்தாள். வந்துவிட்டது. மேசைமேல், அந்தப் பத்திரிகைத் துண்டின்மேல் வைத்தாள்.

"செத்துட்டாருய்யா. எனக்குத்தான் மனசு வரல, வச்சிருந்தேன். எழுதிக்கங்க."

அமிர்தலிங்கம் குறிப்புப் புத்தகத்தை மூடினார். பிறகு துரையிடம் ஒரே வாக்கியம் சொன்னார். துரை அந்தக் கயிற்றைப் பார்த்து, அது என்ன என்று கேட்டார். அமிர்தலிங்கம் அதற்குப் பதில் சொல்லாமல், கயிற்றை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை முருகையாவை விட்டார்கள். இனிமேல் பாட்டுக் கட்டக்கூடாது, கூட்டத்தில் பாடக்கூடாது என்று கைநாட்டு வாங்கிக்கொண்டு விட்டார்கள். ரிக்காட்டையெல்லாம் ஸ்டேஷன் பின்வாசலில் போட்டு உடைத்ததைத் திருநாவுக்கரசு கண்ணால் பார்த்தாராம். கிராணிக்கு மம்பாவ் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது.

முருகையாவுக்கு முன்பல் ஒன்று இல்லை. வாசலில் நின்று தாயின் நெற்றியைப் பார்த்தான். புரிந்துவிட்டது.

"ஆத்தா, நான் சொல்லவே இல்லியே. அடிச்சானுங்க, அப்பவும் ஒன் பேரச் சொல்லவே இல்லியே. நீ ஏன் போன?"

"நீ சொல்லலன்னுதான்டா போனேன். வா, சாப்பிடு."

"நான் கட்டின பாட்டாலதான அப்பாவ நீ..."

"சாப்பிடுறான்னா."

அவன் சோற்றை உருட்டி உருட்டித் தட்டிலேயே வைத்தான். அவளுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பண்டிதன் திட்டியபோதும் இப்படித்தான் உருட்டினான். அன்றைக்குத் திரும்ப எழுத ஒரு கிராணி இருந்தார்.

மறுநாள் ஆடி அமாவாசை. அந்த வருடம் தாயம்மா பாறைக்குச் சோறு கொண்டுபோகவில்லை. கேட்டில் விடவும் மாட்டார்கள். லயத்துப் பெண்களோடு பெண்ணாக வாசலைக் கழுவி, இலை போட்டுப் படையல் வைத்தாள். லெட்சுமி பக்கத்தில் வந்து நின்று, "இப்பவாச்சும் மனசத் தேத்திக்கிட்டியே, அக்கா" என்றாள். வாசல் இலையைக் கோழி வந்து கொத்தியது. தாயம்மா விரட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. கேட்டில் கொண்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். இரவு பெய்த மழையில் மரப்பட்டை ஈரமாக இருந்தது, கொஞ்சம் காய்ந்த பிறகுதான் வெட்ட முடியும். அவள் வெட்டுகிற மரங்களின் நெரை ஓடைக்கரையில்தான் முடியும். அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று நினைத்தாள். கால் கேட்கவில்லை.

பாறையில் ஒரு இலை விரித்திருந்தது.

காட்டு வாழை இலை. புதுசாக அறுத்தது, நுனி இடது கைப் பக்கமாக, பந்தியில் போடுவது போலவே போட்டிருந்தது. காற்றில் பறக்காமலிருக்க இரண்டு மூலையிலும் கூழாங்கல். இலைக்கு முன்னால் ஈர மண்ணில் ஒரு ஆள் வெகுநேரம் குந்தியிருந்த தடம். இலையில் சோறு இல்லை. மழைத் தண்ணீர்தான் நின்றிருந்தது.

தாயம்மா வாளியைக் கீழே வைத்தாள். யார் விரித்தது என்று அவளுக்குத் தெரியாது. அவனாக இருந்தால், அவனைச் செத்துவிட்டான் என்று தன் வாயாலேயே சொல்லி எழுத வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவன் இல்லாமல் வேறு எவள் பெற்ற பிள்ளையாக இருந்தால், அவனும் ராத்திரி முழுக்க நனைந்துகொண்டு வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறான். யாராக இருந்தாலும் பசியோடு போயிருக்கிறான். காட்டைப் பார்த்துக் கூப்பிடலாமா என்று வாய்வரை வந்தது. கூப்பிட அந்தப் பேரை அவள் சொல்லிப் பழகியதில்லை.

மேலே வெட்டுப் பாதையில் ரோந்துக்காரர்கள் பேசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இங்கே வந்துவிடுவார்கள். அடுத்த வருடமும் இவன் வந்து குந்துவான். அன்றைக்கு அவர்கள் காத்திருப்பார்கள்.

அவள் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினாள். மண்ணில் இருந்த தடத்தைக் காலால் தேய்த்துவிட்டாள். பிறகு அவன் குந்தியிருந்த இடத்தில் குந்தி, இலையைத் தன் பக்கமாக அல்ல, எதிர்ப்பக்கமாக மடித்தாள். சாவு வீட்டுப் பந்தியில் மடிப்பது போல. தமிழ்ச்சி பெற்ற எவனுக்கும் அது தெரியும். இனி வராதே, இந்த உறவு முடிந்தது என்று அதற்கு அர்த்தம். மடித்த இலையைப் பாறையின் பின்புறம், காட்டிலிருந்து வருகிறவன் கண்ணுக்கு மட்டும் படுகிற மாதிரி, கல் வைத்து நிறுத்தினாள்.

"தாயம்மா! மரம் காஞ்சிருச்சு, அங்க என்னா செய்யிற?" மண்டோர் மாயாண்டி தூரத்திலிருந்து கத்தினார்.

"இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, உளியை எடுத்துக்கொண்டு முதல் மரத்துக்குப் போனாள்.